நைனா காலத்து மீன்

காசிமேட்டிலிருந்து எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் ஆயாவுக்கு எழுபது வயசு இருக்கும். அலுமினியக் கூடையை இறக்கிவைத்து, மேலே மூடிய ஈரச் சாக்கை விலக்கிவிட்டு, முதலில் தன் சரக்கைத் தானே திட்டுவார்.

'இதெல்லாம் ஒரு வஞ்சிரமா சார்? எங்க நைனா காலத்துல ஒரு மீனை ரெண்டு பேர் தூக்கினு வருவாங்க. துண்டு போட்டா தட்டு கொள்ளாது.'

சொல்லிவிட்டு அதே மீனுக்குக் கிலோ ஆயிரம் ரூபாய் விலையும் சொல்வார்.

நாம் என்ன செய்வோம்? சிரிப்போம். வயதானவர்கள் சொல்வது எல்லாமே அப்படித்தானே. அந்தக் காலத்தில் கத்தரிக்காய்க்கு ருசி இருந்தது, மாதம் மும்மாரி பெய்தது, வாத்தியார் அடித்தால் பையன் உருப்பட்டான். மீன் மட்டும் சின்னதாகவா இருந்திருக்கும்?

அப்படிச் சிரிக்கக் கூடாது, அந்தப் பேச்சிலும் கடலைப் பற்றிய தகவல் இருக்கிறது என்று 1995-ல் ஒருவர் எழுதினார். எழுதியவர் கதாசிரியர் அல்ல, டேனியல் பாலி என்கிற மீன்வள விஞ்ஞானி. எழுதியது ஒரே ஒரு பக்கம். கடல் பற்றிய ஆராய்ச்சியில் அதிகம் மேற்கோள் காட்டப்படும் பக்கங்களில் அதுவும் ஒன்றாகிவிட்டது. இந்த வாரம் அந்த ஒரு பக்கத்தையும், அதற்குப் பின்னால் அவர் செய்த வேலையையும் கொஞ்சம் உரசிப் பார்க்கலாம். ரொம்பப் புகழப்பட்ட எதையும் அவ்வப்போது உரசிப் பார்ப்பது நல்லது.

ஆளைப் பற்றி முதலில் நாலு வரி. பாலி 1946-ல் பாரீஸில் பிறந்தவர். அம்மா பிரெஞ்சுக்காரர், அப்பா அமெரிக்கக் கறுப்பினத்தவர். வளர்ந்தது சுவிட்சர்லாந்தில், வேறொரு குடும்பத்தில், ஏறக்குறைய வேலைக்காரப் பையனாக. பிறகு ஜெர்மனிக்குப் போய், கீல் பல்கலைக்கழகத்தில் மீன்வளம் படித்து டாக்டர் பட்டம் வாங்கினார். இந்தோனேசியாவில் வேலை செய்தார். பிலிப்பைன்ஸின் மணிலாவில் பல வருஷம் ஆராய்ச்சி செய்தார். 1990-களின் நடுவில் கனடாவின் வான்கூவருக்குப் போனார். உலகத்து மீன்களையெல்லாம் பட்டியல் போடும் 'ஃபிஷ்பேஸ்' என்கிற தகவல் களஞ்சியத்தை ரெய்னர் ஃப்ரோசே என்பவருடன் சேர்ந்து உருவாக்கியவர். குளிர்க்கடல் மீனுக்காக ஐரோப்பியர்கள் செய்துவைத்த சூத்திரங்கள் வெப்பக்கடலுக்கு ஒத்துவராது என்று, மீனின் நீளத்தை அளந்தே அதன் வளர்ச்சியைக் கணக்கிடும் வழியைக் கால்குலேட்டர் காலத்திலேயே செய்துகொடுத்தவர். அதாவது, எண்களில் ஊறியவர். அவர்தான் கதைகளைக் கேளுங்கள் என்கிறார். கவனிக்க வேண்டிய இடம் இது.

அந்த ஒரு பக்கத்தில் என்ன இருக்கிறது?

ஒவ்வொரு தலைமுறை விஞ்ஞானியும் தான் வேலைக்குச் சேர்ந்தபோது கடல் எப்படி இருந்ததோ, அதையே 'இயல்பு நிலை' என்று எடுத்துக்கொள்கிறார். அவர் ரிடையர் ஆவதற்குள் மீன் இன்னும் குறைந்துவிடுகிறது. அடுத்து வருகிற இளைஞர் அந்தக் குறைந்த அளவை இயல்பு என்று வைத்துக்கொண்டு ஆரம்பிக்கிறார். இப்படியே அடிக்கோடு இறங்கிக்கொண்டே போகிறது. இதற்கு 'ஷிஃப்டிங் பேஸ்லைன் சிண்ட்ரோம்' என்று பேர் வைத்தார். தமிழில் 'நகரும் அடிக்கோடு' என்று சொல்லிக்கொள்ளலாம்.

நம் ஊர்க் கணக்கில் சொன்னால், ஒரு மளிகைக் கடைக்காரர் வருஷா வருஷம் வியாபாரத்தைப் போன வருஷத்தோடு மட்டும் ஒப்பிடுகிறார். ரெண்டு சதவீதம்தான் குறைந்திருக்கிறது, பரவாயில்லை. அடுத்த வருஷமும் ரெண்டு சதவீதம், அதுவும் பரவாயில்லை. இப்படி நாற்பது வருஷம் போனால், நூறு ரூபாய் வியாபாரம் 45 ரூபாய்க்கு வந்து நிற்கும். எந்த ஒரு வருஷத்திலும் யாரும் அழுதிருக்க மாட்டார்கள்.

பாலி சொல்லும் உதாரணம் இன்னும் அழகு. டென்மார்க்குக்கும் ஸ்வீடனுக்கும் நடுவே காட்டெகாட் என்று ஒரு கடல் பகுதி. 1920-களில் அங்கே அயிலை பிடிக்க வலை போட்டவர் ஒருவருக்குப் பெரிய எரிச்சல் இருந்ததாம். நீலத்துடுப்புச் சூரை வந்து வலையில் மாட்டிக்கொள்கிறது, வாங்குவதற்கு ஆளில்லை. அந்தத் தாத்தாவின் பேரன் பாலியுடன் வேலை செய்த விஞ்ஞானி. வீட்டில் சொல்லப்பட்ட கதை அது. இன்றைக்கு அதே சூரை ஜப்பான் ஏலத்தில் கார் விலைக்குப் போகிறது. தாத்தாவின் எரிச்சலை எந்தப் புள்ளிவிவரப் புத்தகமும் பதிவு செய்யவில்லை. ஆனால் அந்த எரிச்சலுக்குள் ஒரு கடலே இருக்கிறது.

வானவியலாளர்களைப் பாருங்கள் என்கிறார் பாலி. சுமேரியர்களும் சீனர்களும் ஆயிரக்கணக்கான வருஷங்களுக்கு முன் குறித்துவைத்த வால்நட்சத்திரத்தையும் சூரியப் புள்ளியையும் அவர்கள் இன்றைக்கும் பயன்படுத்துகிறார்கள். மீன்காரர்களின் பழைய பேச்சை மட்டும் நாம் ஏன் கதை என்று ஒதுக்குகிறோம்?

நல்ல கேள்வி. இதுவரைக்கும் கை தட்டலாம்.

*

இப்போது குறைகள்.

முதல் குறை: அந்த ஒரு பக்கத்தில் ஆதாரம் என்று பெரிதாக எதுவும் கிடையாது. ஒரு தாத்தா கதை, ஒரு வானவியல் ஒப்பீடு, கொஞ்சம் ஆவேசம், அவ்வளவுதான். விஞ்ஞானி வேலைக்குச் சேர்ந்த வருஷத்தையே இயல்பாக எடுத்துக்கொள்கிறார் என்பதற்குக்கூட அதில் நிரூபணம் இல்லை. வேறு யாராவது இப்படி எழுதியிருந்தால் 'நல்ல கருத்து, தரவு எங்கே?' என்று திருப்பி அனுப்பியிருப்பார்கள். பாலி செய்தது பெயர் சூட்டியது. ஆனால் பெயர் இல்லாத நோயை எந்த டாக்டரும் தேடுவதில்லை. பெயர் கிடைத்ததும் தேட ஆட்கள் வந்தார்கள்.

மெக்சிகோவில் கலிஃபோர்னியா வளைகுடா. அங்கே ஆந்த்ரேயா சயன்ஸ் அரோயோவும் கூட்டாளிகளும் மூன்று தலைமுறை மீனவர்கள் 108 பேரைச் சந்தித்துப் பேசி, 2005-ல் முடிவை வெளியிட்டார்கள். முன்னே நிறைய இருந்து இப்போது அருகிப்போன மீன்வகைகளைச் சொல்லுங்கள் என்றால், இளைஞர்கள் சொன்னதைப்போல ஐந்து மடங்கு பெயர்களைப் பெரியவர்கள் சொன்னார்கள். வற்றிப்போன மீன்பிடி இடங்கள் நாலு மடங்கு. 'உங்கள் வாழ்நாளில் மிகச் சிறந்த நாளில் எத்தனை களவா பிடித்தீர்கள்?' என்று கேட்டபோது, பெரியவர்களின் எண்ணிக்கை இளைஞர்களுடையதைவிட 25 மடங்கு வரை போனது. என்னை உறுத்திய விஷயம் வேறு. பெரிய மீன்கள் ஒரு காலத்தில் சாதாரணமாகக் கிடைத்தன என்பதே இளைஞர்களில் பெரும்பாலானவர்களுக்குத் தெரியவில்லை. அப்பா உயிரோடு இருக்கிறார், தாத்தா திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். கேட்கத்தான் ஆளில்லை.

இங்கே ஒரு சந்தேகம் வரவேண்டும். 'மிகச் சிறந்த நாள்' என்பது ஏமாற்றும் கேள்வி. நாற்பது வருஷம் கடலுக்குப் போனவருக்கு அதிர்ஷ்டம் அடிக்க நாற்பது வருஷ வாய்ப்பு. ஐந்து வருஷம் போன பையனுக்கு ஐந்து வருஷம்தான். கடலில் மீன் மாறவே இல்லை என்றாலும் பெரியவரின் சிறந்த நாள் கொஞ்சம் பெரிதாகத்தான் இருக்கும். அதோடு நினைவில் இருக்கும் மீன் வருஷா வருஷம் வளரும் என்பது மீன் பிடிக்காத எனக்கே தெரியும். 25 மடங்கை இது மட்டுமே விளக்கிவிடாதுதான். ஆனாலும் கதையைத் தரவு என்று சொன்னால் மட்டும் போதாது, எடை போடும் தராசும் வேண்டும்.

அந்தத் தராசை ஒரு பெண் கண்டுபிடித்தார். லோரன் மெக்ளெனகன் என்கிற ஆராய்ச்சியாளர். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், கீ வெஸ்ட் என்கிற ஊரில், பொழுதுபோக்காக மீன்பிடிக்கப் போகும் டூரிஸ்ட்டுகள் திரும்பி வந்ததும் பிடித்த மீன்களை ஒரு பலகையில் தொங்கவிட்டு, பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். 1950-களிலிருந்து அப்படிப்பட்ட போட்டோக்கள் கிடைத்தன. நினைவு பொய் சொல்லும், போட்டோவில் தொங்கும் மீன் வளராது. அளந்து பார்த்தார். 1956-ல் ஒரு மீனின் சராசரி எடை சுமார் 20 கிலோ. 2007-ல் 2.3 கிலோ. முந்தைய போட்டோக்களில் ஆள் பருமன் களவாக்கள், இரண்டு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான சுறாக்கள். பிந்தையதில் முழங்கை நீளம்கூட இல்லாத சின்ன மீன்கள். படகுக் கட்டணமோ, பணவீக்கத்தைக் கழித்துப் பார்த்தால், குறையவே இல்லை. அதே காசுக்குப் பத்தில் ஒரு பங்கு மீன். போட்டோவில் சிரிப்பு மட்டும் அதே அகலம்.

2009-ல் வந்த இந்த ஆய்வு, பாலியின் ஒரு பக்கத்துக்கு வட்டியோடு கடன் அடைத்தது என்பேன். இதே குழுவிலிருந்து இன்னொரு வேலையும் வந்தது. ஹவாய்த் தீவு ஹோட்டல்களின் பழைய மெனு கார்டுகளை வைத்து எந்த மீன் எப்போது தட்டிலிருந்து மறைந்தது என்று பார்த்தார்கள். டூரிஸ்ட்டுகள் ஞாபகார்த்தமாக வீட்டுக்கு எடுத்துப்போன அட்டைகள் அவை. கரையோர மீன்கள் மெல்ல மெல்ல மெனுவிலிருந்து இறங்க, ஆழ்கடல் மீன்கள் அந்த இடத்துக்கு வந்து உட்கார்ந்தன. பழைய பேப்பர்காரனுக்குப் போட வேண்டியது, ஆராய்ச்சியாகிவிட்டது.

*

பாலி ஒரு பக்கத்தோடு நின்றிருந்தால் விமர்சகனுக்கு வேலை குறைவு. 1998-ல் நான்கு பேருடன் சேர்ந்து 'சயன்ஸ்' பத்திரிகையில் இன்னொரு குண்டைப் போட்டார்.

அதைப் புரிந்துகொள்ள ஒரு சின்னப் பாடம். கடலில் பாசியும் மிதவைத் தாவரங்களும் முதல் படி. அதைத் தின்னும் கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள் இரண்டாம் படி. அவற்றைத் தின்னும் நெத்திலி, மத்தி போன்றவை மூன்றை ஒட்டி. அவற்றைத் தின்னும் வஞ்சிரம், சூரை, சுறா நான்கு, அதற்கும் மேலே. உலகம் முழுவதும் பிடிபடும் மீன்களுக்கு இப்படிப் படி எண் கொடுத்து, ஐ.நா.வின் உணவு விவசாய நிறுவனம் சேர்த்துவைத்த கணக்கைக் கொண்டு ஒவ்வொரு வருஷத்துக்கும் சராசரி போட்டார்கள். 1950-களின் ஆரம்பத்தில் 3.3-க்குக் கொஞ்சம் மேலே. 1994-ல் 3.1-க்குக் கீழே. அதாவது மேல்படி மீன்களைத் தீர்த்துவிட்டு, நாம் ஏணியில் இறங்கி இறங்கிச் சாப்பிடுகிறோம். இப்படியே போனால் கடைசியில் சொறிமீனும் மிதவைப் பூச்சியும்தான் மிச்சம் என்று பத்திரிகைகள் கார்ட்டூன் போட்டன.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இதில் ஓர் ஓட்டை இருக்கிறது. எதிர்த்தவர்கள் அதில்தான் கையை விட்டார்கள்.

பிடிபட்ட மீன் வேறு, கடலில் இருக்கும் மீன் வேறு. கோயம்பேடு மார்க்கெட்டில் என்ன விற்கிறது என்று பார்த்துத் தமிழ்நாட்டில் என்ன விளைகிறது என்று ஓரளவு சொல்லலாம், முழுக்கச் சொல்ல முடியாது. இறாலுக்கு டாலரில் விலை கிடைத்தால் எல்லோரும் இறாலுக்கு ஓடுவார்கள். இறால் கீழ்ப்படி. பிடிபட்டதின் சராசரி தானாகவே இறங்கும். மேலே சுறா தீர்ந்துபோனதால் இறங்கியதா, கீழே இறால் புதிதாகச் சேர்ந்ததால் இறங்கியதா? 2006-ல் எஸ்ஸிங்டனும் சகாக்களும் பல கடல்களின் கணக்கைப் பார்த்து, பெரும்பாலான இடங்களில் இரண்டாவதுதான் நடந்திருக்கிறது என்றார்கள். மேல்படி மீன்பிடிப்பு நிற்கவில்லை, கீழ்ப்படி புதிதாகச் சேர்ந்துகொண்டது. 2010-ல் ட்ரெவர் பிராஞ்ச் குழு 'நேச்சர்' பத்திரிகையில் இன்னும் நேராகவே கேட்டது. பிடிப்பின் சராசரியை, ஆராய்ச்சிக் கப்பல்கள் வலைபோட்டுப் பார்த்த கணக்கோடு ஒப்பிட்டால், பல இடங்களில் இரண்டும் ஒரே திசையில்கூடப் போகவில்லை என்றது.

பாலி தரப்பு சும்மா இருக்கவில்லை. படகு தூரம் போகப் போகப் புதுக் கடலின் பெரிய மீன் வந்து சராசரியைத் தூக்கிப் பிடிக்கும், கரையோரத்தில் நடந்த இழப்பை அது மறைத்துவிடும் என்பது அவர்கள் பதில். அதற்கு அவர்கள் எடுத்துக்கொண்ட உதாரணங்களில் ஒன்று இந்தியா. 2008-ல் பிரஜ்கீத் பத்தலும் பாலியும் சேர்ந்து, 1950-லிருந்து 2000 வரையிலான நம் கடற்கரைக் கணக்கை எடுத்து, இறக்கமும் நடந்திருக்கிறது, தூரம் போனது அதை மறைத்தும் இருக்கிறது என்று எழுதினார்கள். தூத்துக்குடியிலோ குமரியிலோ 'தங்குகடல்' என்ற சொல்லைக் கேட்டவர்களுக்கு இது புதுசு இல்லை. காலையில் போய்ச் சாயந்திரம் திரும்பிய தொழில், நாள்கணக்கில் கடலிலேயே தங்கும் தொழிலாக ஏன் மாறியது? பக்கத்தில் கிடைத்தால் யார் தூரம் போவார்கள்?

என் தீர்ப்பைக் கேட்டால்: 3.3, 3.1 என்கிற அந்த எண்ணை நான் நம்ப மாட்டேன். அது மார்க்கெட்டையும் கடலையும் ஒன்றாகக் குழைத்த எண். ஆனால் எண் தப்பு என்பதால் சங்கதியும் தப்பு என்று ஆகிவிடாது. ஜுரமானி பழுது என்றால் ஜுரம் இல்லை என்று அர்த்தமில்லை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல், ஒரு பக்கம் 'கடல் காலி' என்று கூச்சல், இன்னொரு பக்கம் 'பாலி தோற்றார், கவலையை விடுங்கள்' என்று நிம்மதி. இரண்டுமே சோம்பேறித்தனம்.

*

இரண்டாவது குறை எனக்கு இன்னும் பெரிதாகப் படுகிறது. பாலியின் கதையில் வில்லன் ஒருவர்தான்: வலை. மீன் குறைந்தால் பிடித்ததால் குறைந்தது. ஆனால் மீன் வலைக்கு வரும் முன் எங்கேயாவது வளர்ந்தாக வேண்டுமே.

பீட்டர் மம்பி என்கிற கடல் உயிரியலாளர் 2004-ல் 'நேச்சரில்' எழுதியது இதற்குப் பக்கவாட்டிலிருந்து வந்த பதில் மாதிரி. கரீபியன் கடலில் பவளப்பாறைகளை எடுத்துக்கொண்டார். பக்கத்தில் அலையாத்திக் காடு இருக்கும் பாறைகளையும் இல்லாத பாறைகளையும் ஒப்பிட்டார். அலையாத்தி இருக்கிற இடத்தில், விலைபோகும் மீன்வகைகள் பலவற்றின் மொத்த எடை இரண்டு மடங்குக்கும் மேல். காரணம் எளிமையானது. குஞ்சுகள் அலையாத்தியின் வேர்ச்சிக்கலுக்குள் ஒளிந்து வளர்கின்றன. அங்கே பெரிய மீன் நுழைய முடியாது. ஓரளவு வளர்ந்தபின் பாறைக்குக் குடிபோகின்றன. கிளிமூக்கு மாதிரி வாய் உள்ள பெரிய 'ரெயின்போ' மீன் ஒன்று இருக்கிறது. அலையாத்தியை வெட்டிய இடங்களில் அது அடியோடு காணாமல் போயிருந்தது. அங்கே வெட்டுக்கத்தியும் வலையின் வேலையைச் செய்திருக்கிறது. அதுவும் கரையில் நின்றபடி.

பாலிக்கு இது தெரியாது என்று சொல்ல மாட்டேன். 2001-ல் ஜெரமி ஜாக்சன் குழுவின் புகழ்பெற்ற கட்டுரை, மாசுபாட்டுக்கும் மற்றதுக்கும் முன்னாலேயே அதிகமாக மீன்பிடித்தது கடலோரத்தைக் குலைத்துவிட்டது என்று வாதாடியது. பாலியும் அந்தக் கட்சி. இருக்கட்டும். ஆனால் வலையை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும்போது, அலையாத்தியை அழித்து இறால் பண்ணை போட்டவரும், கழிமுகத்தில் மண் கொட்டியவரும், பவளப்பாறையைச் சுண்ணாம்புக்கு வெட்டியவரும் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்துகொள்கிறார்கள். அடிக்கோடு நகர்வது மீன் கணக்கில் மட்டுமில்லை, கரைக்கும் அது பொருந்தும். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் என்று 1986-ல் தேசியப் பூங்கா அறிவித்தார்கள். அவற்றில் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் இப்போது தண்ணீருக்குள். முன்பு பவளப்பாறையை வெட்டி எடுத்ததும் அதற்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது. இன்று பிறக்கும் குழந்தைக்கு 19 தீவுகள்தான் இயல்பு.

மூன்றாவது குறை: 'முன்னே' என்றால் எப்போது? பாலி அதைச் சொல்வதில்லை. 1950-ஆ, 1850-ஆ, வலையே இல்லாத காலமா? இது வெறும் தத்துவக் கேள்வி இல்லை. எந்த வருஷத்தை இயல்பு என்று வைக்கிறோமோ, அதை வைத்துத்தான் யாரைக் கடலுக்குப் போகாதே என்று சொல்வது என்று அரசாங்கங்கள் முடிவு செய்யும். மனுஷனே இல்லாத கடல்தான் இயல்பு என்று வைத்துவிட்டால், முதலில் வெளியே போகச் சொல்லப்படுபவர் கட்டுமரக்காரராகத்தான் இருப்பார். பெரிய கப்பலுக்கு வக்கீல் இருக்கிறார்.

இந்த இடத்தில் பாலிக்கு நியாயமும் செய்ய வேண்டும். 2016-ல் அவரும் டிர்க் ஸெல்லரும் வெளியிட்ட கணக்கு, விட்டுப்போனவர்களைச் சேர்த்தது. வீட்டுச் சாப்பாட்டுக்குப் பிடிப்பவர், சிறு தொழிலாளி, திருட்டுத்தனமாகப் பிடிக்கும் கப்பல், பிடித்துக் கடலிலேயே வீசப்படும் மீன் எல்லாம் அதில் உண்டு. நாடுகள் ஐ.நா.வுக்குக் கொடுத்த கணக்குப்படி 1996-ல் உலகப் பிடிப்பு 8.6 கோடி டன். இவர்கள் கணக்கில் 13 கோடி டன். இதிலும் மதிப்பீடுகள் அதிகம், சண்டையும் உண்டு. ஆனால் எண்ணப்படாத மனிதரை எண்ண முயன்றதை நான் குறை சொல்ல மாட்டேன்.

*

கடைசியாக ஆயாவுக்கு வருகிறேன்.

மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1947-ல்தான் ஆரம்பித்தது. பிற்பாடு தலைமையகம் கொச்சிக்குப் போனது. நம் கடலின் முறையான புள்ளிவிவரம் ஏறக்குறைய அந்தக் காலத்தில்தான் தொடங்குகிறது. கேரளத்தில் நார்வேக்காரர்களின் திட்டம் 1953-ல் வந்து, இயந்திரப் படகும் இழுவலையும் பரவியது அதற்குப் பிறகு. கணக்குப் புத்தகம் என்ன சொல்கிறது? 1950-களின் தொடக்கத்தில் இந்தியா முழுக்கப் பிடித்த கடல்மீன் சுமார் 5 லட்சம் டன். 2023-ல் சுமார் 35 லட்சம் டன். ஏழு மடங்கு! இந்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டு பார்த்தால் ஆயா பொய் சொல்கிறார். நைனா காலத்தில் மீன் கம்மி, இப்போதுதான் சுபிட்சம்.

இரண்டுமே உண்மையாக இருக்க முடியும் என்பதுதான் விஷயம். 5 லட்சம் டன் என்பது அன்று கடலில் இருந்த மீனின் அளவல்ல, கட்டுமரத்தாலும் பருத்தி வலையாலும் எடுக்க முடிந்த அளவு. பிறகு இன்ஜின் வந்தது, நைலான் வந்தது, ஐஸ் வந்தது, தங்குகடல் வந்தது. சின்னஞ்சிறு மீனையெல்லாம் சேர்த்து வாரி, சங்காயம் என்று காயவைத்துக் கோழித்தீவனத்துக்கு அனுப்பும் வியாபாரமும் வந்தது. எல்லாம் டன் கணக்கில் சேரும். ஆயா பேசுவது டன்னைப் பற்றி அல்ல, ஒரு மீனின் நீளத்தைப் பற்றி. புத்தகத்தில் அந்தப் பத்தியே கிடையாது.

இதனால்தான் குறைகளையெல்லாம் கூட்டிக் கழித்த பிறகும் பாலியின் அந்த ஒரு பக்கத்தை நான் கையில் வைத்துக்கொள்வேன். 1998-ல் எழுதியதை விடுவேன், 1995-ல் எழுதியதை விடமாட்டேன். முதல் பக்கம் கிழிந்த கணக்குப் புத்தகம் நம்முடையது. கிழிந்த பக்கத்தில் என்ன இருந்தது என்று தெரிந்தவர்கள் கூடை தூக்கிக்கொண்டு தெருவில் வருகிறார்கள். இன்னும் கொஞ்ச வருஷம்தான் வருவார்கள். பார் எங்கே இருக்கிறது, எந்த மாதத்தில் எந்த மீன் கரை ஒதுங்கும், கோபுரத்தையும் பனையையும் நேர்கோட்டில் வைத்து நடுக்கடலில் இடம் பார்ப்பது எப்படி என்பதெல்லாம் அவர்களோடு போய்விடும். அப்புறம் சிரிக்கக்கூட ஆள் கிடைக்காது.

பாலி சொல்லாமல் விட்டதை நாம் சேர்த்துக்கொள்ளலாம். கேட்கும்போது 'அந்தக் காலத்தில் நிறைய இருந்ததா?' என்று கேட்கக் கூடாது, ஆமாம் என்றுதான் வரும். எந்த வருஷம், எந்த இடம், என்ன வலை, எத்தனை பேர், கல்யாண ஆல்பத்தில் ஏதாவது போட்டோ இருக்கிறதா என்று கேட்க வேண்டும். அப்போதுதான் கதை தராசில் ஏறும்.

போன வாரம் ஆயாவுடன் அவர் பேரன் வந்திருந்தான். ஸ்கூல் லீவு. கூடையிலிருந்து ஒரு வஞ்சிரத்தை இரண்டு கையாலும் தூக்கிக் காட்டி, 'எவ்ளோ பெரிய மீனு பாருங்க அங்கிள்' என்றான். ஆயா என்னைப் பார்த்தார். நான் உள்ளே போய், தையல் மிஷின் டிராயரிலிருந்த டேப்பை எடுத்துவந்து அளந்தேன். 58 சென்டிமீட்டர். தேதி போட்டு டைரியில் எழுதிவைத்திருக்கிறேன்.